வானத்தில் ஒரு கூடம்

விமானம் பெரிதானால் நெடும்பயணம் சுகமாகிவிடும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை.

1970 ஜனவரியில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. உள்ளே ஆறு மீட்டர் அகலம். அதன் மேல்தளமோ சுகத்துக்காகப் பிறந்ததன்று. ஒலியை மிஞ்சும் விமானங்கள் வந்ததும் 747 சரக்கேற்றப் போய்விடும் என்பது அன்றைய கணக்கு. மூக்கைத் திறந்து சரக்கேற்றும்படி விமானி அறையை மேலே உயர்த்தினார்கள்; அதன் பின்னால் எழுந்த திமிலில் முதல் வகுப்பாருக்கு ஒரு கூடம் வாய்த்தது. சுழற்படியேறிச் சென்று முன்பின் அறியாதவரோடு பேசியிருக்கலாம். 1971இல் வந்த ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா', சன்னல்தோறும் ராஜஸ்தானத்து மாடவளைவு தீட்டிக்கொண்டு வானத்து அரண்மனையாகவே விளம்பரமாயிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சாதாரண வகுப்பிலேயே பியானோ வைத்தது. இதைத் தாராள மனம் என்று கொள்ள வேண்டியதில்லை. வாங்கிய விமானங்கள் நிரம்பவில்லை, அவ்வளவுதான். 1973இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் கூடங்கள் பலவும் இருக்கைகளாயின.

1976இல் சேவைக்கு வந்த கான்கார்டின் உள்ளகலமோ 2.6 மீட்டர்தான், சன்னல் உள்ளங்கையளவு. ஆயினும் செல்வர்கள் அதைத்தான் நாடினர். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரமே ஆகும்போது கால் நீட்ட இடம் எதற்கு?

அது 2003இல் ஓய்வுபெற்றபின் நடந்ததுதான் நமக்கு வியப்பளிக்கிறது. கான்கார்டின் 'பிஏ001' என்ற எண்ணை 2009இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏர்பஸ் ஏ318 என்னும் குட்டி விமானத்துக்குச் சூட்டியது. நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அதில் 32 இருக்கைகள் மட்டுமே. அத்தனையும் படுக்கையாக விரியும். லண்டன் சிட்டி நிலையத்தின் ஓடுபாதை குறுகியது என்பதால் முழு எரிபொருளோடு எழும்ப இயலாது. அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்புவார்கள். அந்நேரத்தில் பயணிகள் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை முடித்துக்கொள்வர். குறையையே வசதியாக்கிய சாமர்த்தியம்! 2020இல் அச்சேவை நின்றது.

உடலின் சுகத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் பருமனன்று, தலைக்கு எவ்வளவு இடம் என்ற பங்கீடே. பருமன் தந்த தனிப்பேறு அந்தக் கூடம் ஒன்றுதான். 2008இல் எமிரேட்ஸின் ஏ380 மேல்தளப் பின்கோடியில் அது திரும்பி வந்தது, உயர்வகுப்பாருக்கு மட்டும். அவ்விமானத்தின் உற்பத்தி 2021இல் முடிந்துபோயிற்று.