சிவப்பு மை ஏறாத திருநாட்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய அரசின் சட்டப்படியான விடுமுறைகள் 11. அடிமைத்தளை அறுந்ததை நினைவுகூரும் ஜூன் 19, கடைசியாக 2021-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்த நாட்களில் அரசு அலுவலகமும் அஞ்சலகமும் மூடியிருக்கும். இவற்றுக்கு வெளியே, எந்த அலுவலகமும் பூட்டப்படாத, சம்பளத்தோடு ஓய்வு கிடைக்காத நூற்றுக்கணக்கான நாட்களும் அந்நாட்டில் கொண்டாடப்படுகின்றன. அவற்றைத் தொடங்கி வைத்தவர்களில் உழவர்கள், படக்கதை வரைந்தவர், செய்தித்தாள் நூலகர், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் எனப் பலரும் உண்டு. சட்டத்தின் துணையில்லாத ஒரு நாள் அடுத்த ஆண்டும் திரும்பி வர வேண்டுமானால், அன்றைக்குச் செய்வதற்கென்று ஒரு செயல் இருந்தாக வேண்டும். பிழைத்து நிற்கும் நாட்கள் பலவற்றின் வரலாற்றிலும் அப்படியொரு செயல் தென்படுகிறது.

இவற்றில் மிகப் பழைய வேர் உடைய நாட்களில் ஒன்று பிப்ரவரி 2. குளிர்காலத்தின் மிக நீண்ட இரவுக்கும் வசந்தத்தின் சமஇரவு நாளுக்கும் ஏறக்குறைய நடுவில் விழும் நாள் அது. கிறித்தவ வழக்கில் குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழாவும் அன்றுதான். மெழுகுவர்த்திகளை மந்திரித்துக் கொடுப்பார்கள். ஐரோப்பிய உழவர்களுக்கு அது கணக்குப் பார்க்கும் நாளாகவும் இருந்தது. களஞ்சியத்தில் வைக்கோல் எவ்வளவு மிச்சம், குளிர் இன்னும் எத்தனை வாரம் என்பதே அவர்கள் கவலை. அன்று வெயில் அடித்தால் குளிர் நீளும், மேகம் மூடினால் சீக்கிரம் விலகும் என்று நம்பினார்கள். ஜெர்மானியர்கள் இந்தக் குறியைப் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் நிழலில் பார்த்தார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள், அங்கே எளிதில் கண்ணில் படும் கிரவுண்ட்ஹாக் என்ற கொறிவிலங்குக்கு அந்தப் பொறுப்பை மாற்றினார்கள். 1840-களிலேயே இந்த வழக்கம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

அந்த மாநிலத்தின் பங்ஸடானி ஊர்ச் செய்தித்தாள் 1886-ல் இதைப் பற்றி எழுதியது. அடுத்த ஆண்டு, 1887-ல், ஊர்க்காரர்கள் சிலர் காப்ளர்ஸ் நாப் என்ற மேட்டுக்கு நடந்துபோய் விலங்கின் நிழலைப் பார்த்துக் குறி சொன்னார்கள். அந்தச் சடங்கு இன்றுவரை நடக்கிறது. உயரத் தொப்பியும் கோட்டும் அணிந்த ஊர்ப் பெரியவர்கள் விடியற்காலையில் ‘ஃபில்’ என்று பெயரிட்ட விலங்கை வெளியே எடுப்பார்கள். நிழல் விழுந்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். குறி பலிப்பது பாதிக்கும் குறைவுதான் என்று அரசின் வானிலைப் பதிவுகள் காட்டுகின்றன. ஆனாலும் பனியில் நின்று பார்க்கப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். கடுங்குளிரின் நடுவில், வெளிச்சம் திரும்பி வருகிறதா என்று ஒரு ஊரே கூடிப் பார்ப்பது வானிலைக் கணிப்பை விடப் பழைய தேவை.

20-ஆம் நூற்றாண்டில் நாட்களை உண்டாக்கும் ஆற்றல் அச்சுக்கும் வந்து சேர்ந்தது. 1937 நவம்பரில் ஆல் கேப் தன் ‘லில் ஆப்னர்’ படக்கதையில் சேடி ஹாக்கின்ஸ் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதாகியும் மகளுக்கு மாப்பிள்ளை அமையாத தகப்பன், ஊரின் மணமாகாத ஆண்களையெல்லாம் ஓடவிட்டு மகளைத் துரத்தச் சொல்கிறான். யாரைப் பிடிக்கிறாளோ அவனே மாப்பிள்ளை. பெண்ணின் தோற்றத்தை வைத்துச் சிரிக்கும் இந்தக் கதையில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆனால் வாசகிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. நடனத்துக்கு ஆண்தான் அழைக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், பெண் அழைக்கலாம் என்று ஒரு நாள் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1939-ல், 201 கல்லூரிகள் அந்த நாளைக் கொண்டாடியதாக ‘லைஃப்’ இதழ் எழுதியது. ஆண்டில் ஒருநாள் மட்டும் கிடைத்த அந்த உரிமை, மற்ற நாட்களில் அது இல்லை என்பதையும் கண்முன் நிறுத்தியது.

அதே பத்தாண்டில் சிகாகோவில் டோனட் நாள் பிறந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சின் போர்முனைக்குச் சென்ற இரட்சணிய சேனைப் பெண்கள், கையில் கிடைத்த மாவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கொண்டு படைவீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களைப் போற்றவும், பொருளாதார மந்தத்தில் வாடியவர்களுக்கு நிதி திரட்டவும் 1938-ல் சேனை இந்த நாளை ஏற்படுத்தியது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைகள் இலவச டோனட் தருவது இப்போது வழக்கம். வரிசையில் நிற்பவர்கள் பலருக்கு அகழிகளுக்கு நடுவே மாவு பிசைந்த அந்தக் கைகளைப் பற்றித் தெரியாமல் போனது வருந்தத்தக்கது.

சிதறிக் கிடந்த இத்தகைய நாட்களை ஓரிடத்தில் தொகுத்தவர் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் செய்தித்தாள் நூலகராக இருந்த வில்லியம் சேஸ். எந்த நாளில் என்ன விழா என்று கேட்கும் செய்தியாளர்களுக்குச் சொல்ல ஒரே கையேடு இல்லாத குறை அவரை வாட்டியது. அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து 1957-ல், அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சி நாட்காட்டியை வெளியிட்டார்கள். 32 பக்கம், 2,000 படிகள். பின்னாளில் அது தடித்த ஆண்டு நூலாக வளர்ந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் காலை நிகழ்ச்சிக்கு அதைப் புரட்டினார்கள். ஒருவர் தன் ஊரில் நினைத்த நாள் இந்த நூலில் ஏறிவிட்டால் நாடு முழுக்க ஒலிபரப்பாகும் வாய்ப்பு கிடைத்தது.

அரசும் தன் பங்குக்கு நாட்களைப் பெருக்கியது. 1980-களின் நடுவில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதேனும் ஒரு நாளையோ வாரத்தையோ மாதத்தையோ சிறப்பித்தவை. 1984 ஜூலையை ஐஸ்கிரீம் மாதமாக அன்றைய அதிபர் ரீகன் அறிவித்தது இவ்வகைப்பட்டது. உறுப்பினர்களின் நேரத்தை இது தின்றுவிட்டதால் 1995-ல் பிரதிநிதிகள் அவை இத்தகைய மசோதாக்களுக்குத் தடை விதித்தது. இந்தப் பெருக்கத்துக்கு மறுப்பு மிக முன்பே எழுந்திருந்தது. ஹெரால்ட் புல்மன் காஃபின் என்ற பத்திரிகைப் பத்தியாளர், எதையும் கொண்டாடாமல் சும்மா இருக்க ஒரு நாள் வேண்டும் என்று 1972-ல் முன்மொழிந்தார். 1973 முதல் ஜனவரி 16 அப்படிக் குறிக்கப்படுகிறது.

பென்சில்வேனியாவின் லெபனான் நகரில் வாழ்ந்த தாமஸ் ராய், ரூத் ராய் தம்பதியர் ஏறத்தாழ 80 நாட்களை உருவாக்கினார்கள். அவற்றுள் நிலைத்தது ஆகஸ்ட் 8: அண்டைவீட்டுத் திண்ணையில் யாருக்கும் தெரியாமல் சுக்கினிக் காயை வைத்துவிட்டு வரும் நாள். சுரை இனத்தைச் சேர்ந்த அந்தக் கொடி ஆகஸ்டில் வீட்டார் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் காய்க்கும். தோட்டம் வைத்த எவருக்கும் புரியும் காரணம் இருந்ததால் அது பரவியது.

செப்டம்பர் 19, கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள். ஆரிகன் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1995 ஜூன் 6 அன்று ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற நண்பர்கள் பந்தாடிக்கொண்டிருந்தபோது கடற்கொள்ளையர் குரலில் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டதில் பிறந்த எண்ணம் அது. ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாள். விளையாட்டுக்கு அந்த நாள் தகாது என்று வேறு தேதிக்கு மாற்றினார்கள். ஏழாண்டுகள் நண்பர் வட்டத்துக்குள்ளேயே இருந்த அதை, நகைச்சுவைப் பத்தியாளர் டேவ் பாரி 2002-ல் எழுத, நாடெங்கும் பரவியது. அன்று எல்லோரும் பேச முயலும் உச்சரிப்பு உண்மையில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியினுடையது. அந்த மண்ணில் பிறந்த நடிகர் ராபர்ட் நியூட்டன் 1950-ல் வந்த ‘புதையல் தீவு’ படத்தில் பேசியதே கொள்ளையர் மொழியாக நிலைத்துவிட்டது.

இவ்வகை நாட்களில் தொலைதூரம் சென்றது பை நாள். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 3.14159 என்று முடிவின்றி நீள்கிறது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலிலும் தேதியை அடுத்தும் எழுதுவதால் மார்ச் 14 அவர்களுக்கு 3/14. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா இந்த ஒற்றுமையைக் கவனித்தார். 1988 மார்ச் 14 அன்று, அடுத்த மூன்று இலக்கங்களைக் குறிக்கும் வகையில் பிற்பகல் 1:59 மணிக்கு, உடன் பணியாற்றுவோருக்குப் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரமும் தேநீரும் கொடுத்தார். எண்ணின் பெயரும் பலகாரத்தின் பெயரும் ஒரே ஒலி. ஐன்ஸ்டைன் பிறந்ததும் மார்ச் 14 என்பதை ஷாவின் மகள் கண்டு சொல்ல, அதுவும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் பார்வையாளர்களும் இணைந்தார்கள். பையின் இலக்கங்களை ஆளுக்கொன்றாக ஏந்தி வரிசையாக நடந்து, வட்டமான ஒரு தகட்டைச் சுற்றி வருவது வழக்கமாயிற்று.

பள்ளி ஆசிரியர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. தட்டு, மூடி, சைக்கிள் சக்கரம் என எதை அளந்தாலும் அதே எண் வருவதை மாணவர் தம் கையால் நூல் பிடித்துக் காண ஒரு நாள் கிடைத்தது. 2009 மார்ச் 12 அன்று பிரதிநிதிகள் அவை, சட்ட வலு இல்லாத தீர்மானம் ஒன்றின் வழியாக, 391-க்கு 10 என்ற வாக்கில் பை நாளை ஆதரித்தது. தேதியை முதலில் எழுதும் நாடுகளில் சிலர் ஜூலை 22-ஐத் தேர்கிறார்கள். 22/7 என்ற பின்னம் 3.14-ஐ விடப் பைக்குச் சற்று நெருக்கமானது.

இந்த எண்ணோடு தமிழகத்துக்கு நேரான உறவு உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1914-ல் வெளியிட்ட கட்டுரையில், பையை வியப்பூட்டும் வேகத்தில் நெருங்கும் தொடர்கள் பலவற்றைத் தந்தார். அவற்றில் ஒன்றைக் கொண்டு 1985-ல் பில் காஸ்பர் 1.7 கோடி இலக்கங்களைக் கணினியில் கணித்தார். இன்று சாதனை படைக்கும் கணிப்புகளுக்குப் பயன்படும் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரமும் அந்தத் தொடர்களின் வழிவந்தது. இந்தியாவில் ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித நாள். அது அரசு அறிவித்தது. பை நாளோ தேநீர் மேசையில் தொடங்கியது.

2019 நவம்பரில் யுனெஸ்கோ மார்ச் 14-ஐ உலகக் கணித நாளாக அறிவித்தது. 2017-ல் காலமான ஷா அதைக் காணவில்லை. முதல் உலகக் கணித நாள் வந்த 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடு நாடாகப் பள்ளிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் தொடங்கிய சுற்று எக்ஸ்ப்ளோரடோரியத்தில் அவருக்குப் பின்னும் தொடர்கிறது. புறப்படும் நேரம் பிற்பகல் 1:59.