வடக்கன்குளத்தில் முடிந்த பயணம்

பங்கு மக்களோடு திருப்பயணம் செல்வது நமக்குப் புதிதன்று. பேருந்தை அமர்த்துகிறோம், செபமாலை சொல்லிக்கொண்டே செல்கிறோம், திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றுகிறோம், திருப்பலி கண்டு, கடலில் கால் நனைத்து வீடு திரும்புகிறோம். இதில் குறைகூற ஏதுமில்லை. ஆயினும், புனிதர் ஒருவரின் வாழ்வு திருத்தலத்திற்குள் நடந்து முடிந்ததன்று. அரண்மனையிலும், கோட்டையிலும், துறைமுகத்திலும், சந்தைத் தெருவிலும் நடந்தது. அவ்விடங்களையும் சேர்த்துக் கண்டாலன்றி அவருடைய சாவின் பொருள் விளங்காது என்று நமக்குத் தோன்றியது. எனவே, சென்ற தவக்காலத்தில் புனித தேவசகாயம் நடந்த வழியைக் குளச்சல் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கித் தொடர்ந்து சென்றோம்.

குளச்சல் இன்று மீன்பிடித் துறைமுகம். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மிளகு வாணிகத்தில் தன் பிடி தளர்வதைப் பொறாத டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இங்கே தோல்வியுற்றது. வென்றவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா. அவ்வெற்றியை நினைவுகூரும் தூண் ஒன்று கடற்கரை அருகே நிற்கிறது. மீனவ மக்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக் கரையில் அணிவகுத்து நின்று எதிரியை மருட்டினர் என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. 1544ஆம் ஆண்டின் இறுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரையோர ஊர்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அத்துடுப்புகளைத் தாங்கிய தோள்கள் அம்மக்களின் வழிவந்தவையே. மன்னரின் பெயர் கல்லில் நிலைத்தது. அவர்களுடைய பெயர்களோ கதையோடு கரைந்துபோயின. இதை மனத்தில் கொண்டே அரண்மனைக்குச் சென்றோம்.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் 1795ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்தது. கல்கோட்டைக்குள் ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்பில் அரண்மனை விரிந்துகிடக்கிறது. இதன் பழைய பகுதியாகிய தாய்க்கொட்டாரம் 1600ஆம் ஆண்டையொட்டி எழுந்தது என்பர். மார்த்தாண்டவர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு 1750இல் காணிக்கையாக்கியபின், கல்குளம் எனப்பட்ட இவ்வூர் இப்பெயர் பெற்றது. 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும், அரண்மனை இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது.

அரண்மனையின் அழகை எழுத்தில் அடக்க இயலாது. முகப்பு மண்டபக் கூரையில் செதுக்கிய மரப்பூக்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை, இரு நூற்றாண்டுகள் கடந்தும் முகம் பார்க்குமளவு பளபளக்கிறது. நம்முடன் வந்த இளைஞர் குனிந்து தம் முகத்தைத் தரையில் பார்த்துச் சிரித்துக்கொண்டனர்.

பின்னர் ஊட்டுப்புரைக்குள் நுழைந்தோம். ஆயிரம் பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட கூடம் அது. மேலும் கீழுமாக இரு தளங்கள். அறச்சாலையாக விளங்கிய அவ்விடத்தில் அந்தணர்க்கு நாள்தோறும் உணவு வழங்கப்பட்டது. இதை விளக்கி முடித்தபோது, நம் பங்கின் மூதாட்டி ஒருவர் மெல்லக் கேட்டார்: “அப்பன்னா நாமெல்லாம் எங்க நின்னிருப்போம், சாமி?” “வாசலுக்கு வெளியேதான், பாட்டி” என்றோம். அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். அவ்வினா மட்டும் மாலைவரை நம்மோடு வந்தது.

இந்த வாசலுக்கு உள்ளே நடமாடும் உரிமை பெற்றிருந்தவரே நீலகண்டன். 1712 ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர். கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசுவாமி கோவிலின் கருவூலப் பணியில் பொறுப்பேற்றிருந்தார். நிலமும் செல்வமும், அரண்மனையில் மதிப்பும் அவருக்கு இருந்தன. நாடு அன்று வகுத்திருந்த படிக்கட்டில் அவர் நின்ற இடம் உயர்ந்தது. அப்படியிருந்தவர் ஏன் இறங்கினார்?

விடையின் ஒரு பகுதி, சிறிது தொலைவிலுள்ள உதயகிரிக் கோட்டையில் உறங்குகிறது. குளச்சலில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் யூஸ்தாக்கியுஸ் டிலனாய், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று அவருடைய படையையே பயிற்றுவித்தார். ‘வலிய கப்பித்தான்’ என மக்கள் அவரை அழைத்தனர். ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள இக்கோட்டையில், கூரையிழந்த சிற்றாலயத்துள், 1777இல் மறைந்த அவருடைய கல்லறை உள்ளது. இலத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்வெட்டு அதன்மேல் காணப்படுகிறது. போரில் இறந்த மகனும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். பகைவராக வந்தவர் நாட்டின் காவலராக மாறியதே வியப்பு. அதனினும் பெரிய வியப்பு, கத்தோலிக்கரான அவர் ஒரு நண்பருக்கு வழிகாட்டியானது. பொருளிழப்பால் மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது நம் மக்கள் போற்றிவரும் மரபு.

1745ஆம் ஆண்டு நீலகண்டன் திருவிதாங்கூரின் எல்லையைக் கடந்து, இயேசு சபையாரின் மறைப்பணி நிலையமாக விளங்கிய வடக்கன்குளத்திற்குச் சென்றார். மக்கள் பரஞ்சோதிநாதர் என்றழைத்த புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று ‘இலாசர்’ என்னும் பெயரை ஏற்றார். ‘கடவுளே என் துணை’ என்னும் அப்பெயரின் பொருளைத் தமிழில் சொன்னால் அதுவே தேவசகாயம். அவருடைய மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இப்பெயரை எண்ணும்போது நம் மனம் லூக்கா நற்செய்தியின் உவமைக்குச் செல்கிறது. அங்கே செல்வரின் வாசலருகே கிடந்த ஏழையின் பெயரும் இலாசரே. உள்ளே விருந்து நடக்கிறது. வெளியே ஒருவர் பசித்துக் கிடக்கிறார். பெத்தானியா இலாசரை நினைந்தே அடிகளார் இப்பெயரைச் சூட்டினாரா, அன்றி மற்றவரை நினைந்தா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. பெயரை ஏற்றவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டுவது. அரண்மனைப் பந்தியில் இடமிருந்தவர் வாசலுக்கு வெளியே இருந்தோரிடம் சென்றார்; அவர்களோடு ஒன்றாக அமர்ந்தார்; எல்லாச் சாதியினரும் கடவுள் முன் சமம் என்று எடுத்துரைத்தார். மேல்சாதியினரின் சினத்தைத் தூண்டியதில் இப்போதனைக்குத் தனியிடம் உண்டு என்பதைத் திருச்சபை அவருடைய வாழ்க்கைக் குறிப்பிலேயே பதிவுசெய்துள்ளது. எனவே, அவர் பொறுத்த பாடுகளுக்கு மதமாற்றம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்வோமாயின் பாதி உண்மையையே சொன்னவராவோம்.

1749இல் அவர் கைதானார். எருமைமீது பின்னோக்கி அமர்த்தி, எருக்கம்பூ மாலையிட்டு ஊர் ஊராக அவரை இழிவுபடுத்தினர் என்பது மரபு. புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் ‘முட்டிடிச்சான் பாறை’யில் நம்மவர் நீர் அருந்தினர். மூன்றாண்டுத் துன்பங்களுக்குப்பின் 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று காட்டில் கிடந்த அவருடைய எச்சங்களை விசுவாசிகள் திரட்டிக் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவரென அறிவிக்கப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அந்த அறிவிப்பில் அவருடைய பெயரோடு சாதிப்பட்டம் ஏதும் இல்லை. ‘இலாசர் எனும் தேவசகாயம்’ என்று மட்டுமே இருந்தது.

திருப்பயணியர் பலர் காற்றாடிமலையோடும் கோட்டாற்றோடும் பயணத்தை முடித்துக்கொள்வர். நாம் மேலும் கிழக்கே, கணவாயைக் கடந்து, வடக்கன்குளத்திற்குச் சென்றோம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். கணவருக்குப்பின் ஞானப்பூ அம்மையார் வாழ்ந்து அடக்கமான ஊர். அதே ஊரில், அவர் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகள் சென்றபின், 1872இல் எழுந்த ஆலயத்தின் அமைப்பை நம்மவருக்கு எடுத்துச் சொன்னோம். ஒரே பீடம், அதினின்று இரு கைகளாகப் பிரிந்து செல்லும் இரு மண்டபங்கள். உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோர் ஒன்றிலும், ஏனையோர் மற்றொன்றிலுமாக அமர்ந்து, ஒருவரையொருவர் காணாமலே ஒரே திருப்பலியில் பங்கேற்றனர். அதன் வடிவை நோக்கிக் ‘கால்சட்டைக் கோவில்’ என்று பிறர் எள்ளிநகையாடுமளவுக்கு அது பெயர் பெற்றது. கட்டியவர்கள் புறச்சமயத்தார் அல்லர், நாமே. இசைந்தவர் குருக்கள், நம்மைப் போன்ற குருக்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1910ஆம் ஆண்டு வாக்கில், அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும், ஆலயத்துள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கோரியவர்க்கு வெற்றி கிட்டவில்லை. பிரிவினை கிறித்தவனின் உரிமையன்று என்பதை நமக்கு நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதை எண்ணி நாம் வெட்கப்படவே வேண்டும். கொரிந்து நகரச் சபையில் உள்ளவர் வயிறார உண்ண, இல்லாதவர் பசித்திருந்ததைக் கண்ட பவுலடியார், அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று கடிந்துகொண்டார். அக்கடிதத்தை வாசித்துக்கொண்டே நம் முன்னோர் இரு பந்தி நடத்தினர்.

மூதாட்டியின் வினா அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அரண்மனையின் ஊட்டுப்புரையில் நமக்கு இடமில்லை என்று வருந்துவது எளிது. அது மன்னராட்சிக் காலம். மன்னரும் போயினர், பந்தியும் போயிற்று. இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் அக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கலாம். நம் ஊட்டுப்புரை எப்படி இருக்கிறது? சுவர் இடிந்தபின்னும் கல்லறைத் தோட்டத்தில் வேலி நிற்கும் ஊர்கள் இல்லையா? தேர் எந்தத் தெருவரை செல்லவேண்டும் என்ற சச்சரவு எழுவதில்லையா? பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் திருமுழுக்குச் சான்றிதழுக்கு முன்பே சாதியை விசாரிப்பதில்லையா? சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்பதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை தெளிவாக்கியுள்ளது. அறிக்கை ஆயர்களுடையது, அதைச் செயலாக்க வேண்டிய பங்கு நம்முடையது.

தேவசகாயத்தைப் பீடத்தில் ஏற்றிவைப்பது கடினமன்று. சுரூபம் செய்யலாம், கொடியேற்றலாம், நவநாள் நடத்தலாம். அவர் இறங்கிய படிகளில் நாமும் இறங்குவதே கடினம். அவர் இழந்தவை நிலம், பதவி, சுற்றம், உயிர். நாம் இழக்கவேண்டியது வீண் பெருமை ஒன்றே. அதையும் விடமாட்டோமாயின், அவருடைய கல்லறைமேல் மலர் தூவுவதில் என்ன பொருள் உண்டு?

இனித் திருப்பயணம் செல்லும் பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். அரண்மனையைக் காணுங்கள், அதன் தச்சர்களின் கைவண்ணத்தைப் போற்றுங்கள். கோட்டையைக் காணுங்கள். மலையில் செபியுங்கள். கோட்டாற்றில் முழந்தாளிடுங்கள். ஆனால், பயணத்தை அங்கே முடித்துவிடாதீர்கள். வடக்கன்குளம்வரை செல்லுங்கள்.

நாம் அங்கிருந்து புறப்படும்போது பொழுது சாய்ந்திருந்தது. கொண்டுவந்த கட்டுச்சோற்றைச் சாலையோர மரத்தடியில் பிரித்தோம். அம்மூதாட்டி தம் பொதியை அவிழ்த்து, தம் தெருவினர் அல்லாத ஓர் இளம்பெண்ணை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டார். இருவரும் ஒரே இலையிலிருந்து உண்டனர். யாரும் எதுவும் பேசவில்லை. அன்று மறையுரை ஆற்றவேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை.