முதலாளி இல்லாத மேடை

'லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் ப்ராஜெக்ட்' பார்த்தவர்களிடம் நான் கேட்க விரும்பும் ஒரே கேள்வி: அந்தக் கதையில் முதலாளி யார்?

2013 ஜனவரியில் ஜப்பான் தொலைக்காட்சியில் வரத் தொடங்கிய அனிமே. கதை ரொம்ப எளிது. டோக்கியோவில் ஓட்டோனோகிசாகா என்று ஒரு பெண்கள் பள்ளி. வருடா வருடம் சேர்க்கை குறைந்து, முதல் வருடத்தில் ஒரே ஒரு வகுப்புதான் மிச்சம். பள்ளியை மூடப்போகிறார்கள். மிட்டாய்க் கடைக்காரர் மகள் ஹொனோகா, பாட்டுக் குழு ஒன்றை ஆரம்பித்தால் பெயர் வெளியே தெரியும், பிள்ளைகள் வந்து சேருவார்கள் என்று கிளம்புகிறாள். மூன்று பேரில் தொடங்கி ஒன்பது பேராகிறார்கள். குழுவின் பெயர் மியூஸ்.

பாட்டுக்கு வரி எழுதுவது ஒருத்தி, மெட்டுப் போடுவது ஒருத்தி, உடை தைப்பது ஒருத்தி. எல்லாருமே குழுவில் உள்ளவர்கள். முதல் நிகழ்ச்சியில் திரை விலகுகிறது, அரங்கம் காலி. அப்படியும் பாடுகிறார்கள். அந்தக் காட்சியில் வசூல் போச்சே என்று கத்த ஒருவர்கூட இல்லை. மேனேஜர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கமிஷன் இல்லை. பெண் பிள்ளைகள் ஆடிப் பாடும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தொழிலை மட்டும் கவனமாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். இந்த அனிமேயில் இருக்கும் அசல் கற்பனை இதுதான். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட நிஜம்.

நிஜம் எப்படி இருந்தது? இதே டோக்கியோவின் அகிஹபராவில் 2005 டிசம்பரில் ஏ.கே.பி.48 தொடங்கியது. தினமும் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்கள் என்பதுதான் அவர்களுடைய வியாபார உத்தி. 'லவ் லைவ்' ஒளிபரப்பான அதே 2013 ஜனவரியின் கடைசியில், அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவர் தலையை மொட்டை அடித்துக்கொண்டு, வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். செய்த குற்றம்: ஒரு ஆணோடு இரவைக் கழித்தது பத்திரிகையில் வந்துவிட்டது. ஐடல் காதலிக்கக் கூடாது. ஒரே மாதம், ஒரே நகரம். கார்ட்டூன் பெண்கள் தங்கள் மேடையைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜப் பெண் மேடையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் நூறு வருடம் பின்னால் போனால் தகராசுகா. 1913. கோபயாஷி இச்சிசோ என்பவர் ஒரு மின்சார ரயில் கம்பெனி நடத்தினார். ரயில் போய் நிற்கும் கடைசி ஊர் தகராசுகா. அங்கே வெந்நீர் ஊற்று உண்டு, ஆனால் கூட்டம் இல்லை. உள்ளரங்க நீச்சல் குளம் கட்டினார், அதுவும் ஓடவில்லை. ஒரு ஜவுளிக் கடைக்காரர்கள் சிறுவர்களை வைத்து வாத்தியக் குழு நடத்திக் கூட்டம் சேர்ப்பதைப் பார்த்திருந்தார். நாம் பெண் பிள்ளைகளை வைப்போம் என்று முடிவு செய்தார். குளத்தை மூடி மேடையாக்கி, 1914 ஏப்ரலில் முதல் நிகழ்ச்சி. ஆண் வேடமும் பெண்களே போடுவார்கள். இன்று வரை நடக்கிறது. அங்கே நடிகைகளை 'மாணவிகள்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் ஆனால் வெளியேற வேண்டும். பள்ளிக்கூடம், பெண்கள், பாட்டு, கட்டுப்பாடு எல்லாம் ஒரு ரயில் டிக்கெட்டுக்காகச் சேர்ந்தவை.

ரயில் டிக்கெட் என்றதும் நமக்கு ஒரு பெயர் ஞாபகம் வர வேண்டும். கும்பகோணம் பாலாமணி அம்மாள். தகராசுகாவுக்கு முன்பே, பெண்களை மட்டும் வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தியவர். அவருடைய 'தாராசசாங்கம்' பார்க்க வந்த கூட்டத்துக்காகவே விட்ட ரயிலுக்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர். அங்கே ரயில்காரர் ரயிலை நிரப்பப் பெண்கள் குழுவை உருவாக்கினார். இங்கே ஒரு பெண்ணின் குழு இருந்ததால் ரயில் விட வேண்டி வந்தது. பாலாமணி தானே முதலாளி. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு ரயில் கம்பெனியும் இல்லை, ஒரு பள்ளிக்கூடமும் இல்லை. கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் இறந்தார். தகராசுகாவுக்கு நூற்றாண்டு விழா நடந்தது. பாலாமணிக்கு நம்மிடம் இருப்பவை சில பக்கங்கள்.

பிறகு நம் ஊரில் இந்த இடத்தைப் பிடித்தவர்கள் பையன்கள்.

நான் சங்கரன்கோவில்காரன். எங்கள் பக்கம் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கரகாட்டம், எப்போதாவது விடிய விடிய வள்ளி திருமணம். சென்னையிலிருந்து ஊருக்கு வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் எங்களை இறக்கிவிட்டு, தென்காசி தாண்டி செங்கோட்டையில் போய் நிற்கும். ரயில் பலகையில் இருக்கும் அந்த ஊர்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரில் முன்னால் நிற்கும் 'எஸ்'. 1906-இல் பிறந்தவர். சிறு பையனாக அண்ணன் தம்பிகளோடு நாடகக் கம்பெனிக்குப் போனவர். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். அதற்கு உச்சத்தில் நிற்கும் குரல் வேண்டும். சிறுவர்களின் குரல் இயல்பாகவே அங்கே நிற்கும்.

அந்தக் குரலுக்காக மட்டும் பாய்ஸ் கம்பெனிகள் தோன்றவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நாடகத்தின் பெரிய வாத்தியார். வளர்ந்த நடிகர்கள் கட்டுப்பாடு இல்லாமல் நடந்துகொள்வதைப் பார்த்துச் சலித்துப்போய், சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' பிறந்தது. அதே வருடம் அதில் சேர்ந்தவர்கள்தான் பிற்பாடு டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவனை மனதில் வைத்து சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதினார் என்று சண்முகமே பதிவு செய்திருக்கிறார்.

பெரியவன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான், பையன் கேட்பான். இந்தக் கணக்கில்தான் கம்பெனி ஓடியது. சோறு, படுக்கை, பாட்டு, பாடம், அடி எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பெற்றோர், உழைப்பது பிள்ளை. தகப்பனை இழந்த வீட்டின் பசி எம்.ஜி.ஆரையும் அண்ணன் சக்ரபாணியையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியது. சிவாஜி கணேசன் தான் ஒரு அநாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததாகச் சுயசரிதையில் சொல்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றியது அந்தப் பொய்? அப்பா அம்மா இருந்தால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், கேட்க ஆள் இல்லாத பிள்ளை என்றால் கம்பெனிக்கு வசதி. வேலைக்கு எடுப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

ஐடி வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் செட்டில் பலரும் இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டோம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்போது எங்களுக்கு இருபத்தோரு வயது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வயது. பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு அதுவும் இல்லை.

பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள்? மேடை ஏறும் பெண் என்றால் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. அதனால் சீதையும் தமயந்தியும் பையன்கள். அவர்களுக்கு 'ஸ்திரீபார்ட்' என்று பெயர். இதற்கு மறுபக்கமாக, கொடுமுடியிலிருந்து வந்த சிறுமி கே.பி. சுந்தராம்பாள் கம்பெனியில் முதலில் போட்டது நல்லதங்காளின் மகன் வேடம். பையன் பெண்ணாக, பெண் பையனாக. கேட்பவர்களுக்குக் குரல் வந்தால் போதும். குரலின் சொந்தக்காரர் யார் என்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அந்தக் குரலுக்கு ஒரு கெடு இருந்தது. அதைத்தான் 'மகரக்கட்டு' என்பார்கள். பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு காலை பையன் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். மேலே போக வேண்டிய இடத்தில் பிளக்கும். நேற்று வரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போட்டவன் இன்று பின்வரிசைக் காவலாளி. அவன் இடத்துக்கு இன்னொரு சின்னப் பையன் ஏற்கெனவே பாடம் பண்ணிக்கொண்டிருப்பான். பெரியவரான பிறகும் உச்ச ஸ்தாயியில் நின்று பாடிய கிட்டப்பா ஒரு விதிவிலக்கு. அந்த விதிவிலக்கும் 1933 டிசம்பரில், 27 வயதில் முடிந்துபோனது.

ஜப்பானிய ஐடல் உலகில் ஒருவர் குழுவை விட்டு விலகினால் 'பட்டம் பெற்றார்' என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்துச் சொல். அழகான சொல்தான். பூங்கொத்து, கடைசிப் பாட்டு, ரசிகர்களின் கண்ணீர் எல்லாம் உண்டு. பாய்ஸ் கம்பெனியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. தொண்டைக்கு வந்த ஒரு நோயின் பெயர் போல மகரக்கட்டு என்ற சொல் மட்டும் இருந்தது. வளர்வதற்கு நாம் வைத்த பெயர் அது.

ஆனால் ஓட்டோனோகிசாகாவுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும் ஒரு நிஜச் சம்பவமும் இங்கே நடந்திருக்கிறது. 1922-இல் சுவாமிகள் இறந்தார். 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஒரு சபை தொடங்கினார்கள். 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை'. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு அண்ணன் தம்பிகள். சண்முகத்துக்கு 13 வயது நிறையும் நேரம். மகரக்கட்டு வரும் வயது. கம்பெனி வெளியே தள்ளும் வயதில், கம்பெனியே அவர்களுடையது ஆகிவிட்டது.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது. இங்கேயே நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வரலாறு அனிமே இல்லை. அவர்களுடைய கம்பெனிக்கும் பையன்கள் வேண்டியிருந்தது. நாகர்கோவில் பக்கத்து ஒழுகினசேரியிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன் வந்து சேர்ந்தார், இன்னும் பலர் வந்தார்கள். அங்கேயும் சோறு, படுக்கை, பாடம், கட்டுப்பாடு. நேற்றைய பிள்ளைகள் இன்றைய முதலாளிகள். அவர்கள் நல்ல முதலாளிகளாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் முதலாளி என்ற நாற்காலி காலியாக இருக்கவில்லை. அனிமே கழற்றி வைத்த அந்த ஒரு பாகத்தை நிஜத்தில் கழற்றவே முடியவில்லை. கொட்டகை வாடகை, சீன் துணி, ஊர் ஊராகப் போகும் ரயில் செலவு எல்லாவற்றுக்கும் யாராவது பொறுப்பு ஏற்கத்தானே வேண்டும்? ஹொனோகாவுக்குப் பள்ளியின் அரங்கம் இலவசமாகக் கிடைத்தது.

சண்முகம் தன் குரலுக்கு வேறொரு வழி கண்டுபிடித்தார். 1942-இல், முப்பது வயதில், 'ஔவையார்' நாடகத்தில் கிழவியாக மேடை ஏறினார். 'ஔவை சண்முகம்' என்று பெயரே மாறிப்போனது. ஸ்திரீபார்ட் பையனுக்கு இளமைக் குரல்தான் முதல். அந்த முதல் தீர்ந்த பிறகு, முதுமையை எடுத்து வேடமாக்கிக்கொண்டார். பதினோரு வருடம் கழித்து, 1953-இல், ஜெமினியின் படத்தில் அதே ஔவையாக நடித்தவர் சுந்தராம்பாள். கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவர். 1951-இல் சட்ட மேலவை உறுப்பினர் ஆனவர். சிறுவனாக மேடை ஏறியவரும், சிறுமியாகப் பையன் வேடம் போட்டவரும் ஒரே கிழவியில் வந்து சந்திக்கிறார்கள். இரண்டு பேரும் மேடையை விட்டுத் துரத்தப்படாமல், தங்கள் வயதோடு அதில் நின்றவர்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் பெயர் தெரியாமல் எத்தனை பேர் மகரக்கட்டோடு ஊர் திரும்பியிருப்பார்கள்!

1931-இல் 'காளிதாஸ்' வந்தது. பேசும் படம் மெல்ல மெல்லக் கொட்டகைகளை விழுங்கியது. பாய்ஸ் கம்பெனி போனது, கம்பெனிப் பிள்ளை போகவில்லை. இப்போது அவன் டிவியில் இருக்கிறான், அவளும் இருக்கிறாள். ஜூனியர் பாட்டுப் போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளை நடுவர்கள் முன்னால் நிற்கும். பாட்டைவிடக் காத்திருக்கும் முகத்தைத்தான் கேமரா அதிகம் காட்டும். பெயர் வெளியானதும் அழுகை, ஸ்லோமோஷன், பின்னணி வயலின். எங்கள் வீட்டில் அம்மா ஒருநாள் ரிமோட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "பச்சப் புள்ளய எதுக்குல இப்படி அழ வைக்கானுவ?" நூறு வருட வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழ் வேலையைத் தடை செய்தாலும், சினிமா, டிவி போன்றவற்றில் வரும் குழந்தைக் கலைஞர்களுக்கு விலக்கு அளித்தது. 2017-இல் வந்த விதிகள் நிபந்தனை போட்டன: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் கிடைக்காத காகிதம் இது. நல்ல காகிதம்தான். ஆனால் அழும்போது கேமராவைத் திருப்பச் சொல்லும் உரிமை அதில் எங்கே இருக்கிறது? செல்போனில் அப்பா எடுத்துப் போடும் ரீல்ஸுக்கு எத்தனை மணி நேரம் என்று யார் கணக்குப் பார்ப்பது?

'லவ் லைவ்' இரண்டாம் சீசனில், போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தயாராகும் நேரத்தில், ஒன்பது பேரும் கடற்கரைக்குப் போகிறார்கள். மூன்று பேர் பள்ளி முடித்துப் போகப்போகிறார்கள். மற்ற ஆறு பேர் புது ஆட்களைச் சேர்த்து மியூஸைத் தொடரலாம். எந்தக் கம்பெனியும் அதைத்தான் செய்யும். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். இந்த ஒன்பது பேர்தான் மியூஸ், இத்தோடு முடித்துக்கொள்வோம். ரயில் நிலையம் வந்ததும் எல்லாரும் உடைந்து அழுகிறார்கள்.

அவர்களுக்குக் குரல் கொடுத்த நிஜப் பெண்களும் மேடை ஏறி ஆடிப் பாடினார்கள். 2016 மார்ச் 31, ஏப்ரல் 1 இரண்டு நாட்கள் டோக்கியோ டோமில் பாடியதைக் கடைசி நிகழ்ச்சி என்றார்கள். அதற்குப் பின்னால் பெரிய கம்பெனிகள் இருந்தன, டிக்கெட் இருந்தது, வசூல் இருந்தது. முதலாளி இல்லாத கதையையும் ஒரு முதலாளிதான் விற்றார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடற்கரைக் காட்சியை நான் கிண்டல் செய்யமாட்டேன். எப்போது தொடங்குவது என்பதை எந்தப் பிள்ளையும் முடிவு செய்ததில்லை. பசியோ, அப்பாவோ, கம்பெனியோ முடிவு செய்திருக்கிறார்கள். எப்போது முடிப்பது என்பதைத் தொண்டை முடிவு செய்தது. தொடங்குவதையும் முடிப்பதையும் பிள்ளைகளே முடிவு செய்வதாக ஒரு கதை எழுத, நூறு வருட மேடைக்குப் பிறகு, ஒரு கார்ட்டூன் வேண்டியிருந்தது.