கொள்ளு, கொட்டமுத்து, கடலை: ரத்தத்தைப் படிச்ச விதைகள்

போன வருஷம் எங்க மாமாவுக்கு சேலத்துல ஒரு ஆபரேஷன். ரத்தம் தயார் பண்ண சாம்பிள் எடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல ரத்த வங்கியில இருந்து கூப்பிட்டு, "குரூப் ஒத்து வரலைங்க. செல்லைப் பார்த்தா ஏ பாசிட்டிவ். ஆனா சீரம் ஏ செல்லையே எதிர்க்குது"ன்னாங்க. தன் குரூப்பையே எதிர்க்கிற ரத்தமா? எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அங்கிருந்த டெக்னீஷியன் அக்கா ஃபிரிட்ஜ்ல இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாங்க. "இது கொள்ளுல இருந்து எடுத்த சாறு தம்பி. இதுல போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்."

நாம ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். அன்னைக்குத் தேட ஆரம்பிச்ச கதைதான் இந்த எபிசோடு.

நம்ம செல்களோட மேற்பரப்பு முழுக்க சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கு. ஏ குரூப்புக்கும் பி குரூப்புக்கும் வித்தியாசமே அந்தச் சங்கிலியோட நுனியில இருக்கிற ஒரே ஒரு சர்க்கரைதான். இப்படி குறிப்பிட்ட சர்க்கரையைத் தேடிப் பிடிச்சுக்கிற புரதங்களுக்குப் பேர் லெக்டின்.

கதை கொட்டமுத்துல, அதாவது ஆமணக்குல தொடங்குது. சேலம், நாமக்கல் பக்கம் கடலைக் காட்டோரமா இந்தச் செடியைப் பார்த்திருப்பீங்க. எண்ணெய் எடுத்த புண்ணாக்கை வயலுக்கு உரமாப் போடுவாங்க, மாட்டுக்கு வைக்க மாட்டாங்க. விஷம் எண்ணெய்க்குப் போகாம புண்ணாக்குலயே தங்கிடும். 1888-ல, இன்னைக்கு எஸ்டோனியாவுல இருக்கிற டார்ட்டு நகரத்துல, ஹெர்மன் ஸ்டில்மார்க்ங்கிற ஆய்வு மாணவர் ஆமணக்குச் சாறு ரத்த சிவப்பணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கிறதைக் கண்டுபிடிச்சார். அந்த விஷத்துக்கு ரிசின்னு பேர் வெச்சார். ஒட்ட வைக்கிற வேலையை முக்கியமா செய்யறது ரிசினோட கூடவே இருக்கிற இன்னொரு புரதம்னு பிறகு தெரிஞ்சது. ரிசினுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு செல்லோட சர்க்கரையைப் பிடிச்சு உள்ளே நுழைய வழி பண்ணும், இன்னொண்ணு உள்ளே போய் செல்லோட புரதத் தயாரிப்பையே நிறுத்தும்.

1891-ல ஜெர்மனியில பால் எர்லிக் இந்த ரிசினை எலிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டிக் கொடுத்தார். சில வாரத்துல, சாதாரண எலியைக் கொல்ற அளவைவிடப் பல மடங்கு கொடுத்தும் அதுங்க பிழைச்சது. ஆனா அந்த எலிக்குக் குன்றிமணியில இருக்கிற அப்ரின் விஷத்தைக் கொடுத்தா தாங்கலை. அதாவது எதிர்ப்பு சக்தி பொதுவானது இல்ல, ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனி. தாய் எலியோட பால் வழியா குட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு போகுதுன்னும் காட்டினார். 1908-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. நோய் எதிர்ப்பியலோட அடிப்படைப் பாடங்கள் சில, நம்ம ஊர்ல வரப்போரம் நிக்கிற செடியோட விதையில இருந்து வந்தது.

அடுத்தது கொள்ளு. 1951-ல ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட்ங்கிற மருத்துவர் பெங்களூரோட 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கொள்ளுச் சாறு ஏ குரூப் செல்களை ஒட்ட வைக்குது, அதுலயும் ஏ1 வகையை பலமா பிடிக்குது, சரியான அளவுல நீர்த்து வெச்சா ஏ2 வகையை விட்டுடுது. 1954-ல வில்லியம் பாய்ட், 'தேர்ந்தெடு'ங்கிற லத்தீன் சொல்லுல இருந்து லெக்டின்ங்கிற பேரைக் கொண்டு வந்தார். 1964-ல அதே பேர்ட் நிலக்கடலையிலயும் ஒரு லெக்டினைப் பற்றி எழுதினார். நல்ல செல்லுல மூடியே இருக்கிற ஒரு சர்க்கரையை அது பிடிக்கும். சில பாக்டீரியா தொற்றுலயும் பல புற்றுநோய்லயும் அந்த மூடி விலகி சர்க்கரை வெளியே தெரியும்.

நம்ம உடம்புலயும் லெக்டின் இருக்கு. ரத்தத்துல ஓடுற மேனோஸ் பிணைப்பு லெக்டின், கிருமியோட சர்க்கரையைப் பிடிச்சு எதிர்ப்புப் படையைக் கிளப்பி விடும். ஃப்ளூ வைரஸும் இதே வித்தையை வெச்சிருக்கு. அதோட ஹெமக்ளூட்டினின் புரதம் நம்ம செல்லோட சர்க்கரையைப் பிடிச்சுத்தான் உள்ளே வருது. 1941-ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஹர்ஸ்ட், ஃப்ளூ வைரஸ் கோழி ரத்த அணுக்களை ஒட்ட வைக்கிறதைப் பார்த்தார். ஒரே பூட்டு, காவலுக்கும் திருட்டுக்கும்.

இதைக் கேட்டுட்டு "லெக்டின் விஷம், பருப்பே தொடாதீங்க"ங்கிற ரீல்ஸை நம்பிடாதீங்க. வேகாத ராஜ்மா சாப்பிட்டா வாந்தி வரும், அது உண்மை. ஊற வெச்சு நல்லா வேக வெச்சா அந்த லெக்டின் செயலிழந்துடும். கொள்ளை நம்ம வீட்டுல என்னைக்குப் பச்சையா சாப்பிட்டோம்?

மாமாவோட செல் அந்தக் கொள்ளுச் சாறுல ஒட்டவே இல்ல. அவர் ஏ2. அந்த வகையில சிலருக்கு ஏ1-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்குமாம். அவருக்குப் பொருத்தம் பார்த்து ஓ குரூப் ரத்தம் ஏத்தினாங்க. இப்போ நல்லா இருக்கார். விஷயத்தைச் சொன்னதும், "மழையே இல்லாத வருஷம்கூட நம்ம காட்டுல கொள்ளுதான்டா கை கொடுக்கும்"னு சிரிச்சார்.

உங்க ரத்த குரூப்பை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வையுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.