வைஃபை இருக்கு... நெட் வரலையா? கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் இதைப் பாருங்க!

பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஒன்பதே முக்காலுக்கு வைஃபை படுத்துவிட்டதா? ரவுட்டரில் கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அழுத்தாதீங்க. முதலில் மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இன்டர்வியூவை முடிங்க. அப்புறம் கோளாறு எங்கே என்று தேடலாம். உங்க போன், ரவுட்டர், ஃபைபர் கேபிள், ரீசார்ஜ்... பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்!

போனா, லைனா?

வீட்டில் இன்னொரு போனில் நெட் வருகிறதா பாருங்க. வந்தால், பிரச்னை உங்க போனில்தான். விபிஎன் ஆன்ல இருந்தால் ஆஃப் பண்ணுங்க. செட்டிங்ஸில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்க. ஒரே ஒரு ஆப் மட்டும் திறக்கலைன்னா, அந்த ஆப்பின் சர்வரே டவுனாக இருக்கலாம்.

லைட்டைப் பாருங்க!

எந்த போனிலும் வரலையா? ஃபைபர் பாக்ஸில் எரியும் லைட்டுகளே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

* எல்லா லைட்டும் ஆஃப்: கரன்ட் வரவில்லை. பிளக், அடாப்டரைச் சரிபாருங்க.

* எல்ஓஎஸ் லைட் சிவப்பு: ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கேபிள் கூர்மையாக மடங்கினாலோ, பீரோவுக்கு அடியில் நசுங்கினாலோ சிக்னல் போய்விடும். மெதுவாக நேராக்குங்க. கேபிளைக் கழற்றி முனையை உற்றுப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம். வீட்டுக்குள் கேபிள் சரியாக இருந்தால், வெளியேதான் கட். ஆள் வந்துதான் சரிசெய்யணும்.

* பிஓஎன் லைட் நிலையான பச்சை: லைன் ஓகே. பிளான் முடிந்துவிட்டதா, பில் பாக்கியா என்று மொபைல் டேட்டாவில் செக் பண்ணுங்க. பாக்கி இல்லைன்னா ரீஸ்டார்ட்தான்.

ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற!

ரீஸ்டார்ட் என்றால் சுவிட்சை அணைத்து, 30 விநாடி கழித்துப் போடுவது. லைட்டுகள் செட்டாக சில நிமிடம் ஆகும், பொறுமை! ஊசி நுழையும் அளவு ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பட்டன். அதை அழுத்திப் பிடித்தால், வைஃபை பாஸ்வேர்டோடு கம்பெனி போட்டுக்கொடுத்த லாகின் விவரமும் அழியலாம். அப்புறம் சின்ன பிரச்னைக்கும் ஆளுக்குக் காத்திருக்கணும்.

புகார் நம்பர் முக்கியம்

"நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீங்க. "எல்ஓஎஸ் சிவப்பா எரியுது, ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று சொன்னால், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வது குறையும். புகார் நம்பரைக் கேட்டு வாங்கி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. தீர்வு கிடைக்கலைன்னா, டிராய் விதிப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்!