ஊட்டிக்கு வாசப்படி மேட்டுப்பாளையம்

டிசம்பர் ஸ்கூல் லீவுல நம்ம சிங்கப்பூர் குடும்பங்கள் நிறைய பேர் கோயில் யாத்திரையோட ஊட்டியையும் சேர்த்துக்குவாங்க. மேட்டுப்பாளையத்துல ஒரு டீ குடிச்சிட்டு நேரா மலை ஏறிடுவாங்க. அந்த ஊரைப் பத்தி யாரும் பெருசா கேட்கிறதில்லை. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நீலகிரி அடிவாரத்துல பவானி ஆத்தங்கரையில இருக்கிற ஊர் இது. கடல் மட்டத்துல இருந்து 326 மீட்டர் உயரம். நம்ம புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். இத்தனைக்கும் அங்கே அது அடிவாரம்! வெள்ளைக்காரங்க ஆட்சியில வெயில் வந்தா மெட்ராஸ் அரசாங்கமே ஊட்டிக்குப் போயிடும். 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தது. அதுக்கு மேல குதிரையும் மாட்டு வண்டியும் பல்லக்கும்தான். 26 வருஷம் அப்படியே ஓடிச்சு.

மலை ரயில் போடணும்னு 1854லேயே பேச்சு வந்தாச்சு. வேலை ஆரம்பிச்சது 1891இல். குன்னூர் வரைக்கும் 1899, ஊட்டி வரைக்கும் 1908. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு. ஃபேக்டரியில மெஷின் பக்கத்துலயே நிக்கிறவன், அதனால இதைச் சொல்லாம இருக்க முடியலை. கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை இருக்கும். இன்ஜினோட பல்சக்கரம் அதைக் கடிச்சுக் கடிச்சு ஏறும். ஏறும்போது இன்ஜின் முன்னாடி நின்னு இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். கொக்கி கழண்டாலும் பெட்டிகள் கீழே உருளாம இன்ஜின் தாங்கிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்க தனி ஆள் வேற. நூறு வருஷத்துக்கு முன்னாடியே பாதுகாப்பை எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க! 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது.

ஊர்க்காரங்க பிழைப்பு வேற. மலையில இருந்து இறங்குற உருளைக்கிழங்கு, கேரட்டுக்கு மண்டி இங்கேதான். சுத்துவட்டாரத்துல வாழை, பாக்கு, கறிவேப்பிலைத் தோட்டம். பொழுதுபோக்குன்னா பிளாக் தண்டர் தண்ணி விளையாட்டுப் பூங்கா, இல்லைன்னா ஆறும் கோயிலும்.

அந்தக் கோயில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில். பீமன் பகாசுரனை வதம் பண்றதுக்கு முன்னாடி இந்த அம்மனைக் கும்பிட்டான்னு தலபுராணம். ஆடி மாசம் குண்டம் திருவிழா. நாம தீமிதின்னு சொல்றதைக் கொங்குநாட்டுல குண்டம் இறங்குறதுன்னு சொல்வாங்க. நம்ம சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி திரௌபதை அம்மனுக்கு. அங்கே பீமன், இங்கே திரௌபதை. ரெண்டும் பாரதக் கதைதான்.

இப்ப முக்கியமான விஷயம். கோயிலுக்கு வர்றவங்க பவானியில குளிக்க இறங்குவாங்க. பார்க்க அமைதியா ஓடும், முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனா மேலே பில்லூர் அணை இருக்கு. மின்சாரம் எடுக்கத் தண்ணி விட்டா, இங்கே ஒரு சொட்டு மழை இல்லாட்டியும் ஆறு திடீர்னு ஏறிடும். பாறை மேல உட்கார்ந்திருக்கிறவங்க நடு ஆத்துல மாட்டிக்குவாங்க. இப்படி எத்தனையோ உயிர் போயிருக்கு. உள்ளூர்க்காரங்களுக்கு ஆத்தோட குணம் தெரியும், வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்துல தயவுசெஞ்சு இறங்காதீங்க. நீச்சல் தெரியும்னு பிள்ளைங்களை விடாதீங்க. காண்டோ நீச்சல் குளம் வேற, பவானி வேற. தீர்த்தம்னா ரெண்டு கை தண்ணி அள்ளித் தலையில தெளிச்சாலே போதும், அம்மன் ஏத்துக்குவா.

இன்னும் ரெண்டு விஷயம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழையில மண் சரிஞ்சா மலை ரயிலை நிறுத்திடுவாங்க, விசாரிச்சிட்டுக் கிளம்புங்க. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிங்க நீலகிரிக்குள்ள போக இ-பாஸ் கேட்கிறாங்க. டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி எடுத்து வைங்க.

லீவுக்குப் போற சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்பி வைங்க. ஒரு குடும்பம் கவனமா இருந்தாலும் போதும். வனபத்ரகாளி துணை. ஓம் சக்தி.