ஓநாய்ச் சிலந்திகளை இனங்காணல்

ஓநாய்ச் சிலந்திகள் என்பவை லைக்கோசிடீ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை வலை பின்னாமல் தரையில் ஓடித் திரிந்து இரை தேடுகின்றன. ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. எனினும் ஓநாய்களைப் போல இவை கூட்டமாக வேட்டையாடுவதில்லை; ஒவ்வொன்றும் தனித்தே இரை பிடிக்கும். இக்குடும்பத்தை சுவீடன் நாட்டு விலங்கியலாளர் சுண்டேவல் 1833 ஆம் ஆண்டில் வரையறுத்தார். உலகெங்கும் 2,400-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தாமிரபரணி ஆற்றால் பாசனம் பெறும் நெல்வயல்கள், வரப்புகள், ஆற்று மணற்பரப்புகள் ஆகியவை இவற்றுக்கு ஏற்ற வாழிடங்களாகும்.

குடும்பத்தை அறிதல்

ஓநாய்ச் சிலந்தியை அறிய உறுதியான அடையாளம் அதன் கண்களின் அமைப்பு ஆகும். எட்டுக் கண்களும் மூன்று வரிசைகளில் அமைந்துள்ளன. முகத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு சிறிய கண்களும், அவற்றுக்கு மேல் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்களும், சற்றுப் பின்னால் தலையின் மேற்புறத்தில் இரண்டு நடுத்தரக் கண்களும் உள்ளன. பின்னிரு வரிசைக் கண்களில் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. எனவே இரவில் கைவிளக்கைத் தம் கண் மட்டத்தில் பிடித்து வரப்பைப் பார்ப்பவருக்கு இக்கண்கள் சிறு ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்.

இரண்டாவது அடையாளம் தாய்மை தொடர்பானது. பெண் சிலந்தி உருண்டையான முட்டைப்பையை உடலின் பின்முனையிலுள்ள நூல் சுரக்கும் உறுப்புகளில் ஒட்டி இழுத்துச் செல்லும். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் வயிற்றுப்பகுதியின் மேல் ஏறிச் சில நாட்கள் பயணம் செய்யும்.

பிற சிலந்திகளுடன் குழப்பம்

ஊர்ப்புறங்களில் எல்லாச் சிலந்திகளையும் எட்டுக்கால் பூச்சி என்றே அழைப்பதுண்டு. ஓநாய்ச் சிலந்தியுடன் குழப்பிக்கொள்ளத்தக்கவை பின்வருவன:

* வீட்டுச் சுவர்களில் காணப்படும் பெரிய வேட்டைச் சிலந்தி தட்டையான உடலும் பக்கவாட்டில் விரிந்த கால்களும் உடையது. தட்டையான முட்டைப்பையை உடலின் அடியில் அணைத்து வைத்திருக்கும்.
* பிசாரிடீ குடும்பச் சிலந்திகள் முட்டைப்பையைத் தாடைகளால் கவ்விச் செல்லும்.
* குதிக்கும் சிலந்திகளின் முன்வரிசை நடுக்கண்கள் இரண்டும் மிகப் பெரியவை.
* செடிகளில் வாழும் ஆக்சியோபிடீ குடும்பச் சிலந்திகளின் கண்கள் அறுகோண வடிவில் அமைந்துள்ளன. கால்களில் நீண்ட முட்கள் துருத்தி நிற்கும்.

முக்கிய பேரினங்கள்

பார்டோசா: சிறிய உடலும் மெலிந்த நீண்ட கால்களும் உடையவை, பகலிலும் விரைந்து ஓடும். நெல்வயல்களில் மிகுதியாகக் காணப்படும் பார்டோசா சூடோஆனுலாட்டா இப்பேரினத்தைச் சேர்ந்தது. தலைமார்பின் மேலுள்ள கவட்டை வடிவ வெளிர்நிறக் குறி இதன் அடையாளம் ஆகும். நெற்பயிரின் தூர்ப்பகுதியில் தங்கும் இது, நீரின் மேலும் ஓட வல்லது.

ஹிப்பாசா: ஓநாய்ச் சிலந்திகளுள் விதிவிலக்காக வலை பின்னும் பேரினம் இது. புல்தரையிலும் வரப்புகளிலும் விரிப்புப் போன்ற வலையை அமைத்து, அதன் ஒரு புறத்தில் உள்ள புனல் வடிவக் குழாயில் பதுங்கியிருக்கும். பனி படிந்த காலை வேளைகளில் இவ்வலைகளை எளிதில் காணலாம். பின்புற நூல் உறுப்புகள் முன்புறத்தவற்றைவிட நீளமாக இருக்கும்.

லைக்கோசா: பருத்த உடலும் வலிய கால்களும் கொண்டவை. சில இனங்கள் மண்ணில் வளை தோண்டி வாழும். தலைமார்பின் நடுவில் வெளிர்நிறப் பட்டையும் அதிலிருந்து பிரியும் கோடுகளும் பெரும்பாலும் காணப்படும்.

ஆர்க்டோசா: தலைமார்பு தாழ்ந்தும் மயிர் குறைந்தும் இருக்கும். மணற்பாங்கான இடங்களில் வாழும் இனங்கள் மணலின் நிறத்தையொத்த புள்ளிகளால் மறைந்திருக்கும்.

இன அளவில் இனங்காணல்

பேரினம் வரை வெளித்தோற்றத்தால் ஓரளவு அறியலாம். இனத்தை உறுதி செய்ய நிறமோ அளவோ போதாது. ஒரே இனத்திலும் இவை மாறுபடும். முதிர்ந்த ஆணின் முகத்தருகே உள்ள உணர்கால்களின் நுனியமைப்பையும், பெண்ணின் வயிற்றின் அடியிலுள்ள எப்பிகைன் என்னும் கடினமான இனப்பெருக்கத் தகட்டையும் நுண்ணோக்கியில் காண வேண்டும். இளம் சிலந்திகளில் இவ்வுறுப்புகள் முழுமையடைவதில்லை. ஆகவே அவற்றைப் பேரின அளவில் குறிப்பதே முறையாகும். ஒளிப்படம் எடுப்போர் முகம், மேற்புறம், அடிப்புறம் ஆகிய மூன்றையும் எடுத்து, வாழிடத்தையும் நாளையும் குறித்து வைத்தல் நன்று.

ஆய்வு வரலாறு

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி, இந்திய ஓநாய்ச் சிலந்திகள் பற்றிய கட்டுரையை 1924 இல் வெளியிட்டார். பி. கே. டிக்காதர், எம். எஸ். மல்கோத்ரா ஆகியோர் 1980 இல் எழுதிய நூற்பகுதியை இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் இந்திய விலங்கினத் தொடர் உள்ளடக்கியது. அதன் பின்னர் பல பெயர்கள் மாறியுள்ளன. எடுத்துக்காட்டாக, கிரேவ்லி பார்டோசா அட்ரோபால்பிசு எனப் பெயரிட்ட இனம், 2010 இல் உருவாக்கப்பட்ட டிராப்போசா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. எனவே பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் இற்றைப் பெயர்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேளாண்மையில் முக்கியத்துவம்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார், பிசானம் என இரு பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. பயிரின் தூரில் சாறு உறிஞ்சும் புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவற்றை ஓநாய்ச் சிலந்திகள் உண்கின்றன. வளர்ந்த சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கக்கூடும்.

இதனால் சிலந்தியை இனங்காண்பது மருந்து தெளிப்பதா என்னும் முடிவையும் மாற்றுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் இருப்பது பொருளாதாரச் சேத நிலை ஆகும். குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூர் ஒன்றுக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு போன்ற பூச்சிக்கொல்லிகள் சிலந்திகளையும் கொன்றுவிடுவதால் புகையான் மீண்டும் பெருகுகிறது. இவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

ஓநாய்ச் சிலந்திகள் மனிதரைத் தேடிக் கடிப்பதில்லை. கையில் நசுக்கப்பட்டால் கடிக்கலாம். வலியும் சிறு வீக்கமும் ஏற்பட்டுப் பொதுவாகத் தானே தணியும். நாற்று நடும்போதோ களை எடுக்கும்போதோ முட்டைப்பையுடன் ஓடும் சிலந்தியைக் கொல்லாது விடுவது பயிருக்கு நன்மை தரும்.